சின்னக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு: மதிய இடைவேளை, கேரம் போர்டு, சனிக்கிழமை ரயில்

வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது நான் படித்த கலை அறிவியல் கல்லூரி. மூன்று வருடத்து மாணவர்களையும் கூட்டினால் 420 பேர். ஹாஸ்டல் இல்லை. 9 மணிக்கு முதல் பெல், 3.15க்குக் கடைசி பெல், 3.40க்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். பஸ் போன பிறகு வளாகத்தில் ஆளே இருக்காது. சேர்ந்த முதல் இரண்டு மாதம் மிகவும் நொந்துபோயிருந்தேன். பள்ளியில் கூடப் படித்தவர்கள் நகரத்துக்குள் இருக்கும் பெரிய கல்லூரிகளில் கல்சுரல்ஸ், பேண்ட், நாடகம் என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கலாமா என்றுகூட வீட்டில் கேட்டேன். இந்த மாதிரிக் கல்லூரியில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. பணமும் ஒன்றரை வருடமும் போன பிறகுதான் பிடிபட்டது. இப்போது சேர்ந்திருப்பவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காக, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் செமஸ்டரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு மால்தான். சினிமா டிக்கெட், பாப்கார்ன், வெளியே சாப்பாடு, திரும்பி வர ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்ந்து ஒரு சனிக்கிழமைக்கு ஒருவருக்கு 600 ரூபாய்க்குக் குறையாது. ஏழு முறை போனதில் எனக்கு மட்டும் 4,400 ரூபாய் காலி. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. முதல் முறை பதினோரு பேர் போனோம். ஏழாவது முறை நான்கு பேர். மற்றவர்கள் "வீட்ல வேலை இருக்கு", "தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை" என்று நழுவிவிட்டார்கள். கையில் காசில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எங்கள் வகுப்பில் காலையில் பேப்பர் போடுகிறவர்கள், மாலையில் கடையில் நிற்கிறவர்கள், இரவு டெலிவரிக்குப் போகிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். தலைக்கு 50 ரூபாயைத் தாண்டினால் வகுப்பில் பாதி கழன்றுவிடும் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கல்லூரியில் பாதி கழன்றாலும் கூட்டம் இருக்கும். சின்னக் கல்லூரியில் மிச்சம் ஒரு டீக்கடை பெஞ்சில் அடங்கிவிடும்.

இரண்டாவது செமஸ்டரில் பெரிய கல்லூரிகளின் விழாக்களுக்குப் போகத் தொடங்கினோம். ஜனவரியில் ஐ.ஐ.டி.யில் சாரங், அதையடுத்து அண்ணா பல்கலைக்கழகத்தில் டெக்கோஃபெஸ், நடுவில் வேறு பல கல்லூரிகளின் விழாக்கள். நல்ல வழிதான், ஆனால் நாங்கள் போனது வேடிக்கை பார்க்க. ஸ்டால்களில் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, சோர்ந்துபோய்த் திரும்பினோம். போட்டியில் பெயர் கொடுத்துப் போனால் அதே வளாகம் வேறு மாதிரி இருக்கும். நடனம், பேண்ட் போன்ற மேடைப் போட்டிகளுக்கு ஆறு மாதம் ஒத்திகை பார்த்த குழுக்கள் வருவார்கள். அங்கே போய் மனம் உடைய வேண்டாம். வினாடி வினா, தமிழ்க் கவிதை, பேச்சு, ஓவியம், புகைப்படம் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று பேர் போதும், செலவும் இல்லை. வினாடி வினாவில் முதல் சுற்று எழுத்துத் தேர்வு, பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும். பதினோரு மணிக்குப் போய் நின்றால் கேட்டிலிருந்தே திரும்ப வேண்டியதுதான். கல்லூரி அடையாள அட்டையோடு, இந்தக் கல்லூரி மாணவர்தான் என்று முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைட் கடிதமும் கையில் இருக்கட்டும். சில இடங்களில் அது இல்லாமல் பதிவு செய்ய மாட்டார்கள்.

இதில் அட்டெண்டன்ஸ் விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. 75 சதவீதம் என்பது கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்றால் உங்கள் கையில் இருப்பது 22 நாள்தான், காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். அதனால் வெளியே போட்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஓ.டி. (அந்த நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) வாங்குங்கள். போவதற்கு மூன்று நாள் முன்பே அழைப்பிதழை இணைத்துத் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, வந்ததும் பங்கேற்புச் சான்றிதழ் நகலை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போன இரண்டு நாளை நான் மாத இறுதியில் ஆப்சென்ட்டாகப் பார்த்தேன். இன்னொன்று, இரவு இசை நிகழ்ச்சி முடியப் பத்து மணி ஆகும். அதற்குமேல் கிண்டியிலிருந்து வரும் ரயில்களில் தாம்பரத்தோடு நிற்பவைதான் அதிகம். செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு அதற்கு முந்திய ரயிலில் ஏறுவதுதான் பாதுகாப்பு.

அடுத்து நாங்கள் செய்ததுதான் பெரிய தப்பு. மற்ற கல்லூரிகளில் பார்த்ததை நம் கல்லூரியிலேயே செய்துவிடலாம் என்று நான்கு பேர் கிளம்பினோம். ஒரு நாள் விழா, டி.ஜே., லைட், பந்தல், வெளிக் கல்லூரிகளுக்கு அழைப்பு. தேதி 2023 டிசம்பர் 7. தலைக்கு 150 ரூபாய் என்று 112 பேரிடம் 16,800 ரூபாய் வசூலித்தோம். சவுண்டு, லைட்டுக்கு 8,000, பந்தலுக்கு 4,000 அட்வான்ஸ், ஃப்ளெக்ஸ் பேனர், சான்றிதழ் அச்சடிக்க 2,300 என்று 14,300 ரூபாயை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது. கல்லூரி அந்த வாரம் திறக்கவே இல்லை. திறந்ததும் செமஸ்டர் தேர்வு. அட்வான்ஸ் கேட்டுப் போனபோது, "நாங்க அன்னைக்கு வேற ஆர்டர் எடுக்கலையே தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் எங்களுக்குப் பேச இடமில்லை. கையில் மீந்தது 2,500 ரூபாய். மிச்சத்தை நான்கு பேரும் ஆளுக்கு 3,575 ரூபாய் போட்டுத் திருப்பித் தந்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் கேண்டீன் பக்கம் போகவே கூசியது. பேப்பர் போட்டு 150 ரூபாய் கொடுத்த ஒருவன், "பரவால்ல, மெதுவா குடு" என்று சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை. சென்னையில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவமழைக் காலம். வருடத்து மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. திறந்தவெளியில் எதுவும் வைக்க வேண்டாம். பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் உள்ள ஆறு வாரம்தான் மழையும் இல்லாத, வெயிலும் ஏறாத, பிராக்டிகல் தேர்வும் தொடங்காத காலம். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். "மழையாலோ கல்லூரி விடுமுறையாலோ தள்ளிப்போனால் இந்த அட்வான்ஸ் அடுத்த தேதிக்குச் செல்லும்" என்று அவர்கள் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; எழுத மறுக்கிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். ஃப்ளெக்ஸிலும் சான்றிதழிலும் தேதி அச்சடிப்பதைக் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மாணவர் ஒருவரின் செல்போன் எண்ணுக்குப் பணம் வசூலிக்காதீர்கள். ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒரு ஆள்தான்.

அதற்குப் பிறகுதான் வேறு மாதிரி யோசித்தோம். எங்கள் கல்லூரியில் இல்லாதது பணம் என்று நினைத்திருந்தோம். உண்மையில் இல்லாதது நேரம். 12.40 முதல் 1.25 வரை மதிய இடைவேளை, பஸ்ஸுக்கு முன்னால் 25 நிமிடம், சனிக்கிழமை. இந்த மூன்றுக்குள் அடங்குவது மட்டும்தான் இங்கே நடக்கும். பெரியதாக வருடத்துக்கு ஒன்று என்பதைவிட, சின்னதாக வாராவாரம் நடப்பதுதான் கூட்டத்தைச் சேர்க்கிறது.

முதலில் உங்கள் ஃபீஸ் ரசீதை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். விளையாட்டுக் கட்டணம், மன்றக் கட்டணம் என்று ஏதாவது தனியாக வாங்கியிருந்தால், அந்தப் பணத்தில் பொருள் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. எங்களுடையதில் விளையாட்டுக்கு என்று ஒரு வரி இருந்தது. இரண்டு வருடமாக யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. சண்டைக்குப் போகாமல் கடிதமாகக் கேளுங்கள். கடிதம் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு. என்ன செய்யப்போகிறோம், எந்த அறை, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், எந்த ஆசிரியர் பொறுப்பு, முடிந்ததும் அறையைச் சுத்தம் செய்வது யார். இந்த ஏழும் அரைப் பக்கத்துக்குள் வர வேண்டும். பெரும்பாலான கடிதங்கள் திரும்பி வரக் காரணம் பொறுப்பாசிரியர் பெயர் இல்லாததுதான். இரண்டு பிரதி கொடுத்து ஒன்றில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கல்லூரியின் பெரிய வசதி, முதல்வரைக் காலையில் பார்த்தால் மாலைக்குள் பதில் கிடைத்துவிடும். ஆனால் அறைச் சாவி இருப்பது அட்டெண்டர் அண்ணனிடம். அவர் வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அடுத்த வாரம் நீங்கள் கேட்காமலே அறை திறந்திருக்கும்.

எங்களுக்கு எல்லாவற்றையும் மாற்றியது கேரம். சென்னையில் கேரமுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. இரண்டு முறை உலக சாம்பியன் ஆகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். போர்டு வாங்கும்போது அளவைப் பாருங்கள். வீட்டுக்கு விற்கும் சின்ன போர்டு வேண்டாம். போட்டி போர்டின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர், அதாவது 29 அங்குலச் சதுரம். ப்ளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய ப்ளையில் ஸ்ட்ரைக்கர் அடித்ததும் காய் துள்ளும், ரீபவுண்ட் வராது. பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடைகளில் நாங்கள் வாங்கியது ஒன்று 4,200 ரூபாய். கல்லூரி இரண்டு வாங்கித் தந்தது, மூன்றாவது பழைய மாணவர் ஒருவர் கொடுத்தது. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. போரிக் பவுடர் ஒரு சிட்டிகை போதும். அள்ளிக் கொட்டினால் பாக்கெட் ஓரத்தில் சேர்ந்து காய் அங்கேயே நின்றுவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி போர்டு இழுக்கும். கிளப்களில் போர்டுக்கு மேலே தாழ்வாகக் குண்டு பல்பு தொங்கவிடுவது வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, அந்தச் சூட்டில் பரப்பு காய்ந்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, உறை போட்டு, தரையில் படாமல் பெஞ்சின் மேல் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்த போர்டு ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும். எங்கள் மூன்றாவது போர்டு அப்படித்தான் போனது.

போட்டியை எப்படி நடத்துவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நாக்-அவுட் வைத்தால் 32 பேரில் முதல் சுற்றிலேயே 16 பேர் வெளியே. அவர்கள் அதன்பிறகு அந்த அறைப் பக்கமே வர மாட்டார்கள். லீக்காக வையுங்கள். நான்கு பேர் கொண்ட எட்டுக் குழு. ஒரு குழுவுக்குள் ஆறு ஆட்டம் என்றால் மொத்தம் 48. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு பேர் என்று 16 பேர் நாக்-அவுட்டுக்குப் போனால் அதில் 15 ஆட்டம். ஆக 63 ஆட்டம். முறைப்படி ஒரு கேம் என்பது 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு, அதாவது எட்டுச் சுற்று. மதிய இடைவேளையில் அதற்கு நேரம் கிடையாது. நாங்கள் 20 நிமிடம் என்று வைத்தோம், மணி அடிக்கும்போது யார் முன்னிலையோ அவருக்கு வெற்றி. மூன்று போர்டில் ஒரு மதியத்துக்கு ஆறு ஆட்டம் முடியும். 63 ஆட்டம் பதினோரு நாள், இன்டர்னல் தேர்வு, விடுமுறை எல்லாம் கழித்து மூன்றரை வாரம். எல்லாரும் குறைந்தது மூன்று முறை ஆடுகிறார்கள், அதுதான் முக்கியம். விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், முக்கியமாக ரெட் விஷயம்: ரெட் போட்டு அடுத்த அடியில் ஃபாலோ (தன் காய் ஒன்று) விழாவிட்டால் ரெட் மீண்டும் நடுவுக்கு, 21 பாயிண்ட் வரை உள்ளவருக்குத்தான் ரெட்டுக்கு 3 பாயிண்ட், 22 தொட்டவருக்குக் கிடையாது. ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் ஒரு காய் ஃபைன். இதை எழுதி ஒட்டாத முதல் வாரத்தில் மூன்று சண்டை. ஒற்றையர் முடிந்ததும் சீட்டுக் குலுக்கி இரட்டையர் நடத்தினோம், ஒரு முதல் வருடம், ஒரு மூன்றாம் வருடம் ஜோடியாக. "அண்ணா, கட் ஷாட் அடிங்க" என்று ஜூனியர் சொல்லி சீனியர் கேட்டதை அந்த அறையில்தான் முதலில் பார்த்தேன். பெண்கள் முதலில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு போர்டை முதல் இரண்டு வாரம் அவர்களுக்கென்று ஒதுக்கிய பிறகு உள்ளே வந்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தப் பிரிவு தேவைப்படவில்லை.

படம் போடுவது அடுத்தது. இதில் கெடுவது பெரும்பாலும் படம் அல்ல, சத்தம். வகுப்பறை புரொஜெக்டரின் உள் ஸ்பீக்கர் பத்துப் பேருக்குமேல் கேட்காது. செமினார் ஹாலில் மேடை ஸ்பீக்கரும் மிக்சரும் இருந்தால், லேப்டாப்பிலிருந்து மிக்சருக்கு ஒரு ஆடியோ கேபிள் போதும். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பகலில் 3,000 லுமென் புரொஜெக்டர் இருந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் வெளிறிவிடும்; கறுப்பு சார்ட் பேப்பரை ஜன்னலில் ஒட்டினால் செலவு 100 ரூபாய்க்குள் முடியும். இரண்டரை மணி நேரப் படம் பஸ்ஸுக்கு முன் முடியாது. குறும்படங்கள் போடுங்கள், இல்லையென்றால் படத்தை இடைவேளை வரை ஒரு வெள்ளி, மிச்சம் அடுத்த வெள்ளி என்று பிரியுங்கள். வெளியாட்களைக் கூப்பிடாதீர்கள். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும் திரையிடலுக்குத்தான் இடம் தருகிறது. ஓ.டி.டி. கணக்குகளின் விதிமுறை அதைவிட இறுக்கமாக இருக்கும், ஆகவே டிவிடியோ, எடுத்தவர்களின் அனுமதியோ வாங்கிப் போடுவது நல்லது. குறும்படம் எடுத்த இளைஞர்களிடம் கேட்டால் அவர்களே வந்து பேசுவார்கள்.

புறநகரில் இருப்பதால் எங்களுக்கு இன்னொன்றும் கிடைத்தது. வளாகத்துக்குப் பின்னால் ஒரு ஏரி. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே நான்கு நாள் கணக்கெடுப்பு உண்டு. 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து பார்த்ததை எண்ணி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். பஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் 25 நிமிடத்துக்கு இது சரியாகப் பொருந்தும். செண்பகம், கொண்டலாத்தி, மீன்கொத்தி, ஆலமரப் பொந்தில் புள்ளி ஆந்தை. பைனாகுலர் இல்லாமலே முதல் நாள் 19 வகை எண்ணினோம்.

சனிக்கிழமைகளுக்கு வருகிறேன். மாலுக்கு 600 ரூபாய் ஆன இடத்தில், ரயிலில் போய் வந்தால் சாப்பாட்டோடு சேர்த்து 100 ரூபாய்க்குள் முடிக்கலாம். மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அந்தத் தடத்தில் எந்த நாளும் போகலாம். எழும்பூரில் இறங்கி நடந்தால் பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. சோழர் கால வெண்கலச் சிலைகளும் அமராவதிச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் கால் வலிதான் மிஞ்சும், வெண்கலக் கூடத்தை மட்டும் ஒரு முறை பாருங்கள். அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். இன்னொரு சனிக்கிழமை கோட்டூர்புரம்: அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும் அருகருகே இருக்கின்றன. நூலகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் பண்பாட்டு மையமான கோத்தே நிலையமும் பிரெஞ்சு மையமான அலையான்ஸ் பிரான்சேஸும் அவ்வப்போது இலவசத் திரையிடல் வைப்பார்கள். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதெமியில் ஓவியக் கண்காட்சி பார்க்கக் காசில்லை. விடுமுறை நாளைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, வண்டலூர் பூங்காவுக்கும் முட்டுக்காடு தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய். ஒரு வெள்ளிக்கிழமை 14 பேரைக் கூட்டிக்கொண்டு போய் மூடிய கேட்டின் முன்னால் நின்றிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் "நான் வரேன்" என்று 40 பேர் சொன்னால் ஸ்டேஷனுக்கு வருவது 13, 14 பேர்தான். முதல் முறை அது பெரிய அவமானமாக இருந்தது. பிறகு புரிந்தது, பதினான்கு பேர் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகச் சரியான எண்ணிக்கை. ரயில் நேரத்தை வியாழன் மாலை ஒரே ஒரு முறை போடுங்கள், தாமதமாக வருகிறவர்களுக்காக ரயிலை விடாதீர்கள்.

வருடத்தில் ஒரே ஒரு இரவு வெளியே போக முடியும் என்றால் ஆமை நடைக்குப் போங்கள். 1988இலிருந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் குழு நடத்துகிறது. நடத்துகிறவர்களும் உங்கள் வயதுக்காரர்கள்தான். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரை மணலில் ஏழு கிலோமீட்டர் நடை. பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம் அது. ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும். நாயும் காக்கையும் தின்றுவிடாமல் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள், ஏறக்குறைய 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும். டார்ச், செல்போன் வெளிச்சம் எதுவும் கூடாது, ஆமை திரும்பிப் போய்விடும். ஒரு பாட்டில் தண்ணீர், மணலில் நடக்க ஏற்ற செருப்பு, அவ்வளவுதான். ஆமை தென்படும் என்று உறுதி கிடையாது; முதல் முறை நாங்கள் காலிக் குழி ஒன்றைத்தான் பார்த்தோம், ஆனாலும் அந்த நடை மறக்காது. முடியும்போது விடியலுக்கு முந்தைய நேரம் ஆகிவிடும், முதல் பஸ் வரும் வரை சேர்ந்தே இருங்கள். வீட்டில் இரவுக்கு அனுப்ப மாட்டார்கள் என்றால், குஞ்சுகளைக் கடலில் விடுவது மாலை நேரத்தில் நடக்கும், அதற்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டே போகலாம்.

டிசம்பரும் ஜனவரியும் சென்னையில் இலவசமாகக் கிடைக்கும் மாதங்கள். மார்கழியில் பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, மாலைக் கச்சேரிக்குத்தான் காசு. பகலில் பாடுகிறவர்களும் இளையவர்கள்தான். சாகித்யம் (பாட்டின் சொற்கள்) புரியவில்லை என்று தயங்குகிறவர்கள் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழிசைச் சங்க விழாவுக்குப் போகலாம், அங்கே பாடுவது தமிழ்ப் பாட்டு. பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமத்தில் பறை, சிலம்பம், தெருக்கூத்து எல்லாம் திறந்த மேடையில் நடக்கும். ஜனவரிப் புத்தகக் காட்சியில் புத்தகத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. பொங்கல் விடுமுறை நாட்களில் நெரிசல் தாங்காது, வேலை நாளில் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பற்றி ஒன்று. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் கிராம முகாம். பல சின்னக் கல்லூரிகளில் இது ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கும். பொறுப்பாசிரியரிடம் போய், "முகாம் எப்போ சார்?" என்று ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும். அந்த ஏழு இரவுகள்தான் ஹாஸ்டல் இல்லாத கல்லூரியில் நமக்குக் கிடைக்கும் ஹாஸ்டல்.

கடைசியாக, சின்னக் கல்லூரியில் எதையும் சாகடிப்பது மூன்றாம் வருடம் முடிவதுதான். ஃபேர்வெல் அன்று பொறுப்பை ஒப்படைத்தால் ஜூன் மாதம் அறை பூட்டியே இருக்கும். ஜனவரியிலேயே இரண்டாம் வருடத்தில் இரண்டு பேரைப் பிடித்து, கடைசி இரண்டு மாதம் அவர்களை நடத்தவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஒரு நூறு பக்க நோட்டு போடுங்கள். சீல் போட்ட கடிதப் பிரதிகளை அதில் ஒட்டி, லீக் அட்டவணை, ரெட் விதி, ரயில் நேரம், எந்த இடத்துக்கு எந்த நாள் விடுமுறை, சவுண்டு கேபிள் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். எங்கள் நோட்டு இப்போது செமினார் ஹால் அலமாரியின் மேல் தட்டில், ஸ்ட்ரைக்கர் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அலமாரிச் சாவி அட்டெண்டர் அண்ணனிடம்.